64 ஆன்டெனா, 16 பயனர்: ப்ரீகோடரில் நேரம் எங்கேதான் போகிறது?

சிக்னல்_சின்னவன்

வணக்கம் எல்லோருக்கும். ஆராய்ச்சிக்காக ஒரு மாசிவ் மைமோ (நிறைய ஆன்டெனாக்களால் ஒரே நேரத்தில் பல பயனருக்கு அனுப்பும் முறை) சிமுலேட்டர் எழுதிக்கொண்டிருக்கிறேன். 64 ஆன்டெனா, 16 பயனர், ஆளுக்கு ஒரு லேயர். 100 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை, 30 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி, அதாவது 273 ரிசோர்ஸ் பிளாக் (ஒன்றில் 12 சப்கேரியர்), 3276 சப்கேரியர். டவுன்லிங்க்கில் ப்ரீகோடர், அதாவது எந்தத் தரவு எந்த ஆன்டெனாவில் எவ்வளவு போக வேண்டும் என்று சொல்லும் எடை மேட்ரிக்ஸ், ரெகுலரைஸ்டு ஜீரோ ஃபோர்சிங் (பயனர்களுக்குள் குறுக்கீட்டை அடக்கும் வகை). ஓடுகிறது, ஆனால் ஒரு ஸ்லாட் (14 சிம்பல் கொண்ட நேரத்துண்டு) முடிவதற்குள் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்துவிடலாம். ப்ரொஃபைலரைப் போட்டுப் பார்த்தால் முக்கால்வாசி நேரம் மேட்ரிக்ஸ் இன்வர்ஸில் போகிறது.

நான் செய்வது இதுதான்: சேனல் மேட்ரிக்ஸின் ஹெர்மிஷியனை (நிரை நிரலை மாற்றி, இணையெண் எடுத்தது) சேனலோடு பெருக்கி, மூலைவிட்டத்தில் ஒரு சின்ன எண்ணைக் கூட்டி, இன்வர்ஸ் எடுத்து, மறுபடி ஹெர்மிஷியனால் பெருக்குகிறேன். ஒவ்வொரு சப்கேரியருக்கும், ஒவ்வொரு ஸ்லாட்டிலும்.

இன்வர்ஸுக்குப் பதிலாக நாய்மன் தொடர் போடலாம் என்று நிறைய கட்டுரைகளில் பார்த்தேன். எத்தனை உறுப்பு எடுத்தால் போதும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழைய_பேஸ்பேண்ட்

தம்பி, நாய்மனுக்கு அப்புறம் வரலாம். நீங்கள் எழுதியிருக்கும் வரிசையைப் பார்த்தால் 64க்கு 64 மேட்ரிக்ஸை அல்லவா இன்வர்ஸ் எடுக்கிறீர்கள்? சேனல் 16 நிரை, 64 நிரல். ஹெர்மிஷியனை இடப்பக்கம் வைத்துப் பெருக்கினால் 64க்கு 64 வரும். வலப்பக்கம் வைத்தால் 16க்கு 16. இரண்டில் எதை எடுத்தாலும் கடைசியில் கிடைக்கும் ப்ரீகோடர் ஒன்றேதான், மூலைவிட்டத்தில் கூட்டும் எண் இருந்தாலும்கூட. ஹெர்மிஷியனை வெளியே இழுத்து முன்னால் வைத்துவிட்டு, உள்ளே 16க்கு 16ஐ இன்வர்ஸ் எடுங்கள்.

64இன் கனம் 2,62,144. 16இன் கனம் 4,096. 64 மடங்கு வித்தியாசம், தோராயம் எதுவும் இல்லாமல்.

சிக்னல்_சின்னவன்

ஐயோ. தலையில் அடித்துக்கொண்டேன். ஒரு வரி மாற்றினேன், விடையில் பத்தாவது தசம இடம்வரை மாற்றம் இல்லை, ஸ்லாட் கண் மூடித் திறப்பதற்குள் முடிகிறது. மூன்று மாதமாக இதைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன் என்று வழிகாட்டியிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

சரி, இப்போது 16க்கு 16 ஆகிவிட்டது. இதற்கு மேல் நாய்மன் போட்டால் இன்னும் குறையும்தானே?

ஐகன்_வேல்யூ

உங்கள் எண்களுக்கு நாய்மன் குவியவே குவியாது. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் கட்டுரைகளில் இது பாதி நேரம் அடிக்குறிப்பில் ஒளிந்திருக்கும்.

16க்கு 16 கிராம் மேட்ரிக்ஸை (சேனலை அதன் ஹெர்மிஷியனால் பெருக்கியது) மூலைவிட்டம், மிச்சம் என்று பிரித்து, மூலைவிட்டத்தை மட்டும் இன்வர்ஸ் எடுத்து, மிச்சத்தைத் தொடராகத் திருத்திக்கொண்டே போவதுதான் நாய்மன். மிச்சம் 'சின்னதாக' இருந்தால் தொடர் குவியும். எவ்வளவு சின்னது என்பதை மார்ச்சென்கோ–பாஸ்டூர் விதி சொல்லிவிடும். சேனல் முழுக்கச் சீரற்றது என்று வைத்துக்கொண்டால், ஆன்டெனா எண்ணிக்கையால் வகுத்த கிராம் மேட்ரிக்ஸின் ஐகன் மதிப்புகள் எல்லாம் இரண்டு எல்லைகளுக்குள் அடங்கும். பயனர்/ஆன்டெனா விகிதத்தின் வர்க்கமூலத்தை எடுங்கள், உங்களுக்கு அது 0.5. கீழ் எல்லை 0.5இன் வர்க்கம், 0.25. மேல் எல்லை 1.5இன் வர்க்கம், 2.25. மூலைவிட்டம் ஏறத்தாழ 1. அதைக் கழித்தால் மிச்சத்தின் பெரிய ஐகன் மதிப்பு 1.25. ஒன்றைத் தாண்டிவிட்டது, தொடர் வெடிக்கும். உறுப்பைக் கூட்டக் கூட்ட விடை மோசமாகும்.

கணக்கைத் திருப்பிப் போட்டால், ஒரு பயனருக்கு 5.83 ஆன்டெனாவுக்கு மேல் இருந்தால்தான் இந்தச் சாதா நாய்மன் குவியும். உங்களிடம் இருப்பது 4. 128 ஆன்டெனா வைத்தால் குவியும், ஆனால் ஒவ்வொரு உறுப்பிலும் பிழை 0.83 மடங்குதான் குறையும். ஆமை வேகம்.

மூலைவிட்டத்தை அப்படியே எடுக்காமல் 1.25ஆல் பெருக்கி வைத்துக்கொண்டால் உங்கள் 64/16க்கும் குவியும், விகிதம் 0.8. ஆனால் இன்னொரு சங்கடம் இருக்கிறது. இரண்டு உறுப்புவரை செலவு 16இன் வர்க்கம்தான். மூன்றாவதைச் சேர்த்ததும் மேட்ரிக்ஸ்-மேட்ரிக்ஸ் பெருக்கல் வந்து 16இன் கனமாகிவிடும். அதாவது துல்லியமான இன்வர்ஸின் விலை. அந்த விலை கொடுத்துத் தோராயம் எதற்கு?

இதில் நான் சொன்னதெல்லாம் சீரற்ற சேனலுக்கு. இரண்டு பயனர் பக்கத்துப் பக்கத்தில், நேர்ப்பார்வையில் நின்றால் கீழ் எல்லை பூஜ்யத்தை நோக்கிச் சரியும், 128 ஆன்டெனாவும் காப்பாற்றாது.

எஃப்பிஜிஏ_பித்தன்

மேலே சொன்னதை மறுக்கவில்லை, ஆனால் வன்பொருள் பக்கம் இருந்து ஒரு வார்த்தை. சோலெஸ்கி (மேட்ரிக்ஸை முக்கோண மேட்ரிக்ஸ்களாகப் பிரித்துத் தீர்க்கும் முறை) போட்டால் ஒவ்வொரு நிரலிலும் ஒரு வர்க்கமூலம், ஒரு வகுத்தல். 16 தடவை. அடுத்த நிரல் முந்தையது முடியும்வரை காத்திருக்க வேண்டும். பெருக்கல் எண்ணிக்கை சின்னதாகத் தெரியும், தாமதம் சின்னதில்லை. நாய்மனில் வகுத்தல் மூலைவிட்டத்துக்கு மட்டும்தான், மற்றதெல்லாம் பெருக்கிக் கூட்டுவது, சிஸ்டாலிக் அரேயில் (பெருக்கிக் கூட்டும் அலகுகளின் வரிசையில்) அப்படியே போய் உட்காரும். அதனால்தான் கட்டுரைகள் அதைப் பிடித்துக்கொண்டு தொங்குகின்றன, எழுதியவர்கள் முட்டாள்கள் இல்லை.

பழைய_பேஸ்பேண்ட்

முட்டாள்கள் என்று யாரும் சொல்லவில்லை, பித்தரே. ஆனால் உங்களிடம் ஒரே ஒரு மேட்ரிக்ஸா இருக்கிறது? 273 ரிசோர்ஸ் பிளாக், ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லாத 273 மேட்ரிக்ஸ். ஒன்று வகுத்தலுக்காகக் காத்திருக்கும்போது அடுத்ததை பைப்லைனில் விடுங்கள். வர்க்கமூலம் பிடிக்கவில்லையென்றால் எல்டிஎல் வடிவத்துக்குப் போங்கள், வகுத்தல் மட்டும் மிஞ்சும். தாமதப் பிரச்சினை ஒரே மேட்ரிக்ஸை உற்றுப் பார்க்கிறவனுக்குத்தான் பெரிதாகத் தெரியும்.

சின்னவனுக்கு நான் உண்மையில் சொல்ல வந்தது வேறு. இன்வர்ஸை விட்டுத் தள்ளுங்கள். காகிதம் எடுத்து எண்ணிப் பாருங்கள், எல்லாம் சிக்கலெண் பெருக்கல் கணக்கில்:

கிராம் மேட்ரிக்ஸ் சமச்சீர் என்பதால் பாதியைக் கணக்கிட்டால் போதும். 136 உறுப்பு, ஒவ்வொன்றுக்கும் 64 பெருக்கல். 8,704.
இன்வர்ஸ், தாராளமாக 4,096.
அதை ஹெர்மிஷியனோடு பெருக்கி எடையாக்குவது, 64 × 16 × 16 = 16,384.

மொத்தம் 29,184. இதில் இன்வர்ஸ் 14 சதவீதம். எல்லோரும் கத்தியைத் தூக்கிக்கொண்டு ஓடுவது இந்த 14 சதவீதத்தை வெட்டத்தான்.

இப்போது அடுத்த பக்கம். எடை தயாரான பிறகு அதைத் தரவோடு பெருக்க வேண்டுமே, ஒவ்வொரு சப்கேரியரிலும் ஒவ்வொரு சிம்பலிலும் 64 × 16 = 1,024 பெருக்கல். ஸ்லாட்டுக்கு 14 சிம்பல், 3276 சப்கேரியர், ஆக 4.7 கோடி. நொடிக்கு 2000 ஸ்லாட். நீங்கள் செய்வதுபோல ஒவ்வொரு சப்கேரியருக்கும் தனித்தனியாக எடை கணக்கிட்டால் அது 9.56 கோடி. மொத்தம் 14.26 கோடி. இன்வர்ஸ் இனாமாகவே கிடைத்தாலும் இதில் 1.34 கோடிதான் குறையும்.

அதையே ரிசோர்ஸ் பிளாக்குக்கு ஒரு எடை என்று மாற்றுங்கள். 9.56 கோடி 80 லட்சமாகிவிடும். எந்தத் தொடரும் வேண்டாம், எந்தக் குவிதல் நிபந்தனையும் வேண்டாம், 12 சப்கேரியருக்குச் சேனல் பெரிதாக மாறாமல் இருந்தால் போதும். தாமதப் பரவல் 300 நானோநொடி என்றால் ஒத்திசைவு அலைவரிசை (சேனல் பெரிதாக மாறாமல் இருக்கும் அகலம்) வழக்கமான தோராயக் கணக்கில் 660 கிலோஹெர்ட்ஸ் பக்கம். ஒரு பிளாக் 360 கிலோஹெர்ட்ஸ். தாங்கும்.

சிக்னல்_சின்னவன்

14 சதவீதம் என்பதை நான் எதிர்பார்க்கவே இல்லை. ஒரு சந்தேகம். எடையையே உருவாக்காமல், முதலில் தரவை 16க்கு 16 இன்வர்ஸால் பெருக்கி, அப்புறம் ஹெர்மிஷியனால் பெருக்கினால் அந்த 16,384 மிச்சமாகாதா?

பழைய_பேஸ்பேண்ட்

ஆகும், ஆனால் எத்தனை தடவை அந்த எடையைப் பயன்படுத்துகிறீர்கள் என்று பாருங்கள். உருவாக்காமல் விட்டால் ஒவ்வொரு தரவுக்கும் கூடுதலாக 256 பெருக்கல். 16,384ஐ 256ஆல் வகுத்தால் 64. ஒரே எடையை 64 தடவைக்கு மேல் பயன்படுத்தினால் உருவாக்கிவிடுவது லாபம், குறைவானால் உங்கள் யோசனை லாபம். அந்த 64 வேறெதுவும் இல்லை, ஆன்டெனா எண்ணிக்கையேதான். எண்கள் மாறினாலும் இந்த விதி மாறாது.

சப்கேரியருக்கு ஒரு எடை என்றால் ஸ்லாட்டுக்கு 14 தடவைதான், உருவாக்காதீர்கள். பிளாக்குக்கு ஒன்று என்றால் 168 தடவை, உருவாக்குங்கள்.

ஐகன்_வேல்யூ

இதே காரணத்தால்தான் கான்ஜுகேட் கிரேடியன்ட்டும் (இன்வர்ஸ் எடுக்காமல் சுற்றுச் சுற்றாகத் தீர்க்கும் முறை) டவுன்லிங்க்கில் சோபிக்காது. குவிதல் அழகாக இருக்கும், சீரற்ற சேனலில் ஒவ்வொரு சுற்றுக்கும் பிழை பயனர்/ஆன்டெனா விகிதத்தின் வர்க்கமூலம் அளவுக்குச் சுருங்கும், இங்கே பாதி பாதியாக. ஆனால் அது ஒரு வலப்பக்க வெக்டருக்கான தீர்வு. அடுத்த சிம்பலுக்கு மறுபடி முதலில் இருந்து. ஒரு சுற்றுக்கு 256 என்று வைத்தாலும், ஐந்து சுற்று, 14 சிம்பல்... துல்லிய இன்வர்ஸை எடுத்து 14 சிம்பலுக்கும் பயன்படுத்துவதைவிட எப்படிப் பார்த்தாலும் அதிகம். பயனர் எண்ணிக்கை நூறைத் தொடும்போது கணக்கு மாறும், 16இல் மாறாது.

தூறல்

பிளாக்குக்கு ஒரு எடை, நடுவில் இன்டர்போலேஷன் என்று யாராவது கிளம்புவதற்கு முன்னால் என் கதையைக் கேட்டுவிடுங்கள். முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் (பெயர் வேண்டாம்) நாலு பிளாக்குக்கு ஒரு எடை கணக்கிட்டு, இடையில் நேர்கோட்டில் இன்டர்போலேட் செய்யலாம் என்று முடிவெடுத்தோம். சிமுலேஷனில் தங்கம். போர்டில் ஏற்றினால் ஸ்பெக்ட்ரம் சீப்புப் பல் மாதிரி. ஒவ்வொரு 48 சப்கேரியருக்கும் நடுவில் ஒரு பள்ளம், பெயருக்குக்கூட ஆற்றல் இல்லை. எஸ்ஆர்எஸ் (சேனலை அளக்கப் பயனர் அனுப்பும் சிக்னல்), காலிபரேஷன், பவர் ஆம்ப்ளிஃபயர் என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டு இரண்டு வாரம் போனது.

கடைசியில் பார்த்தால், அப்லிங்க் பெறும்போது எஃப்எஃப்டி (நேர சாம்பிள்களைச் சப்கேரியர்களாக மாற்றும் கணக்கு) சாளரத்தைச் சைக்ளிக் ப்ரிஃபிக்ஸுக்குள் (சிம்பலின் வாலை எடுத்து முன்னால் ஒட்டிய காப்புப் பகுதி) 43 சாம்பிள் முன்னால் நகர்த்தி வைத்திருந்தார்கள், பாதுகாப்புக்காக. அதில் தப்பே இல்லை, 288 சாம்பிள் ப்ரிஃபிக்ஸில் எல்லோரும் செய்வதுதான். ஆனால் 4096 புள்ளி எஃப்எஃப்டியில் 43 சாம்பிள் நகர்வு என்றால் 48 சப்கேரியர் தாண்டும்போது கட்டம் 48 × 43 / 4096, அதாவது 0.504 சுற்று திரும்பும். கிட்டத்தட்ட 180 டிகிரி. ஒரு முனையில் எடை, மறுமுனையில் அதே எடைக்கு மைனஸ். நடுவில் சராசரி எடுத்தால் பூஜ்யம். சிமுலேஷனில் சாளரத்தை யாரும் நகர்த்தவில்லை, அதனால் அங்கே தெரியவில்லை.

தீர்வு ஒன்றுமே இல்லை, இன்டர்போலேஷனுக்கு முன்னால் அந்தச் சரிவைக் கழற்றிவிடுவது. பயனருக்குப் பயனர் நேர வித்தியாசம் மிச்சம் இருந்தால் அதையும் அந்தந்தப் பயனரின் நிரையிலிருந்து தனித்தனியாகக் கழற்ற வேண்டும். திரும்பப் போடக்கூடத் தேவையில்லை, பைலட்டும் (பெறுபவருக்கு முன்பே தெரிந்த சிக்னல்) தரவும் ஒரே எடையில் போனால் பெறுகிற பக்கம் தானாகச் சரியாகிவிடும்.

எஃப்பிஜிஏ_பித்தன்

43 சாம்பிளுக்கு இரண்டு வாரம். எனக்கும் இப்படி ஒன்று இருக்கிறது, சொன்னால் மானம் போய்விடும்.

பிளாக்குக்கு ஒரு எடை என்பதற்கு இன்னொரு காரணமும் சேர்த்துக்கொள்ளுங்கள், இது பெருக்கலில் வராது. எடையைக் கணக்கிடுவது ஓர் இடம், பெருக்குவது ரேடியோ யூனிட்டில் என்று பிரித்தால், எடையை ஃபைபரில் அனுப்ப வேண்டும். 1,024 எண், தலா 32 பிட், 3276 சப்கேரியர், நொடிக்கு 2000 தடவை. 215 ஜிகாபிட். எடை மட்டும்! தரவு 16 லேயருக்கும் சேர்த்தே 47 ஜிகாபிட்தான். பிளாக்குக்கு ஒன்று ஆக்கினால் எடை 18 ஜிகாபிட்டுக்கு வரும். அதையும் சேனல் மதிப்பீடு புதிதாக வரும்போது மட்டும் அனுப்பினால் பேச்சே இல்லை. ரேடியோவில் எதுவுமே செய்யாமல் 64 ஆன்டெனாவின் சாம்பிளையும் அப்படியே இழுத்தால் 122.88 மெகா சாம்பிள் வீதம் 252 ஜிகாபிட். என் உலகத்தில் பெருக்கல் மலிவு, எண்ணை நகர்த்துவதுதான் காசு.

கிராம் மேட்ரிக்ஸை நான் நாலாகப் பிரித்துத்தான் செய்வேன். 16 ஆன்டெனாவுக்கு ஒரு சில்லு, ஒவ்வொன்றும் தன் பங்கு கிராமைப் போட்டு 136 எண்ணை மட்டும் அனுப்பும், நடுவில் கூட்டிக்கொள்ளலாம். 64 ஆன்டெனா சேனலையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவர வேண்டியதில்லை.

நரம்பு_வலை

மன்னிக்கவும், இடையில் புகுகிறேன். இவ்வளவு கஷ்டம் எதற்கு, சேனலைக் கொடுத்தால் எடையைக் கொடுக்கிற மாதிரி ஒரு நியூரல் நெட்வொர்க்கைப் பயிற்றுவித்தால் முடிந்தது. இன்வர்ஸே இல்லை, உள்ளீட்டை ஒரு தடவை வலை வழியாக ஓட்டினால் போதும்.

பழைய_பேஸ்பேண்ட்

உள்ளீடு எத்தனை? 64 × 16, மெய், கற்பனை இரண்டும் சேர்த்து 2,048. முதல் அடுக்கில் 1000 நியூரான் வைத்தால் அந்த ஓர் அடுக்கே 20 லட்சத்துச் சொச்சம் மெய்யெண் பெருக்கல். நேர்வழியில் மொத்தமே 29,184 சிக்கலெண் பெருக்கல், நாலால் பெருக்கினால் 1.17 லட்சம். பதினேழு மடங்கு அதிகம் செலவழித்து, சரியான விடை இருக்கிற கணக்குக்குத் தோராய விடை வாங்குகிறோம்.

ஐகன்_வேல்யூ

கொஞ்சம் நியாயமும் செய்யலாம். ஜீரோ ஃபோர்சிங்குக்கு அது வீண். ஆனால் மொத்த வீதத்தை உச்சமாக்குகிற டபிள்யூஎம்எம்எஸ்இ மாதிரி, 2011இலிருந்து எல்லோரும் ஒப்பிட்டுப் பார்க்கிற, திரும்பத் திரும்பச் சுற்றுகிற முறைகளுக்கு மூடிய விடை இல்லை. அங்கே சுற்றுகளை அடுக்குகளாக விரித்து, படி அளவுகளை மட்டும் பயிற்சியில் கற்றுக்கொள்வது பலன் தரும், சுற்று எண்ணிக்கை நன்றாகக் குறையும். அதற்கு முன்னால், சின்னவனுக்கு நடந்ததே அங்கேயும் நடக்கிறது என்பதைக் கவனியுங்கள். வழக்கமாக எழுதும் வடிவில் ஒவ்வொரு சுற்றிலும் 64க்கு 64 இன்வர்ஸ். மொத்த ஆற்றலுக்கு மட்டும் வரம்பு இருந்தால் விடை எப்போதும் சேனலின் நிரைகள் விரிக்கிற வெளிக்குள்தான் இருக்கும், அதனால் எல்லாவற்றையும் 16க்கு 16இல் செய்துவிடலாம். ஆன்டெனாவுக்கு ஆன்டெனா தனி வரம்பு வைத்தால் இது உடையும்.

நரம்பு_வலை

சரி, அடி வாங்கிக்கொண்டேன். படி அளவைக் கற்கும் யோசனை பிடித்திருக்கிறது, முயன்று பார்க்கிறேன்.

சிக்னல்_சின்னவன்

பிளாக்குக்கு ஒரு எடை ஆக்கிவிட்டேன். இப்போது ப்ரொஃபைலரில் மேலே நிற்பது தரவோடு பெருக்குகிற அந்த 4.7 கோடி, அடுத்தது எஃப்எஃப்டி. இந்த 4.7 கோடியைக் குறைக்க வழி உண்டா? பேசாமல் கான்ஜுகேட் பீம்ஃபார்மிங்குக்கு (இன்வர்ஸ் இல்லாமல் ஹெர்மிஷியனையே எடையாக வைப்பது) போய்விடலாமா?

பழைய_பேஸ்பேண்ட்

கான்ஜுகேட்டுக்குப் போனாலும் அந்த 1,024 குறையாதே, எடை கணக்கிடுவதுதான் மிச்சம். விலையும் அதிகம். 64/15, கிட்டத்தட்ட 6.3 டெசிபெல்லில் குறுக்கீடு வந்து நின்றுவிடும், எவ்வளவு சக்தி ஏற்றினாலும். ஆன்டெனா எண்ணிக்கை முடிவிலியை நோக்கிப் போனால் கான்ஜுகேட்டே போதும் என்று 2010இல் மார்செட்டா காட்டினார். அது முடிவிலிக்கு. நம்மிடம் இருப்பது 64.

எஃப்எஃப்டி 2.2 கோடி வந்திருக்கும், 4096 புள்ளிக்கு 24,576, 64 ஆன்டெனா, 14 சிம்பல். அதைப் பெரிதாக அசைக்க முடியாது.

ஐகன்_வேல்யூ

தரவுப் பெருக்கலைக் குறைக்க எனக்குத் தெரிந்த உருப்படியான வழி பீம் வெளிக்குப் போவதுதான். ஆன்டெனாக்கள் சீரான வரிசையில் இருந்தால் இடவெளியிலும் ஒரு எஃப்எஃப்டி போடலாம், 64 புள்ளிக்கு 192 பெருக்கல். பயனரின் ஆற்றல் சில கோணங்களில் மட்டும் குவிந்திருந்தால் ஆளுக்கு 8 பீம் போதும். 16 × 8 = 128, அதோடு 192, மொத்தம் 320. 1,024க்கு 320. அனலாகில் இதைச் செய்கிற பட்லர் மேட்ரிக்ஸ் 1961இலேயே வந்துவிட்டது, கூலி–டியூக்கி எஃப்எஃப்டி கட்டுரைக்கு நாலு வருடம் முன்னால். வண்ணத்துப்பூச்சி அமைப்பு இரண்டிலும் அதேதான், எனக்கு இதைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு சந்தோஷம்.

ஆனால் வெட்டி எறிகிற ஆற்றல் சும்மா போகாது. பயனரின் ஆற்றலில் 1 சதவீதத்தை விட்டுவிட்டால் குறுக்கீடு ஏறத்தாழ −20 டெசிபெல்லில் வந்து தங்கும். 256 கியூஏஎம்முக்கு (ஒரு சிம்பலில் 8 பிட் ஏற்றும் பண்பேற்றம்) அனுப்பும் பக்கமே 3.5 சதவீத ஈவிஎம்முக்குள் (சிக்னலின் பிழை அளவு), அதாவது −29 டெசிபெல்லுக்குள் இருக்க வேண்டும். அதனால் பீமை வெட்டுவது பயனருக்கு ஏற்றபடி இருக்க வேண்டும். ஒளிந்து நிற்கிற, பலவழி அதிகம் உள்ள பயனருக்கு 8 போதாது.

தூறல்

இன்னொன்று, எடை கணக்கிடும் பக்கம் யாரும் சொல்லவில்லை. கிராம் மேட்ரிக்ஸைச் செட்யூலர் (எந்த ஸ்லாட்டில் யாருக்கு அனுப்புவது என்று முடிவெடுக்கும் பகுதி) தேர்ந்தெடுத்த 16 பேருக்கு மட்டும் ஒவ்வொரு ஸ்லாட்டிலும் போடாதீர்கள். சேனல் மதிப்பீடு வரும்போது செயலில் உள்ள எல்லோருக்கும், 40 பேர் என்றால் 40க்கு 40, ஒரே தடவை போட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஸ்லாட்டுக்கு ஸ்லாட் ஆள் மாறினால் அதிலிருந்து 16க்கு 16ஐப் பிடுங்கினால் போதும். யாரை யாரோடு சேர்க்கக் கூடாது என்று செட்யூலர் பார்ப்பதற்கும் அதே எண்கள்தான். எந்த இரண்டு நிரையாவது ஒரே மாதிரி இருந்தால் அந்த இரண்டு பேரையும் ஒரே ஸ்லாட்டில் போடாதே, அவ்வளவுதான். இன்வர்ஸ் கெட்டுப்போகிற பிரச்சினையில் பெரும்பகுதி அங்கேயே தீர்ந்துவிடும்.

சிக்னல்_சின்னவன்

இதைச் செய்துவிட்டேன், கிராம் கணக்கு ப்ரொஃபைலரில் கண்ணுக்கே தெரியவில்லை. பீம் வெளி நாளைக்கு. என் ஆன்டெனா 8க்கு 4 பலகை, இரண்டு துருவமுனைப்பு, அதனால் துருவத்துக்கு ஒன்றாக இரண்டு 32 புள்ளி இருபரிமாண எஃப்எஃப்டி என்று எடுத்துக்கொள்கிறேன், சரிதானே?

ஐகன்_வேல்யூ

சரி. துருவங்களைக் கலந்து ஒரே 64 புள்ளியாகப் போட்டுவிடாதீர்கள், பீம் எல்லாம் சிதறிவிடும்.